வலையிலிருந்து பந்தெடுத்த கேப்டன்

கோயம்புத்தூர்,
ஞாயிறு

அன்புள்ள வாப்பாவுக்கு, முப்ஷிரா ஸலாம் சொல்லி எழுதுவது. முட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? உம்மாவுக்குப் பிரஷர் குறைந்ததா? நான் சுகம். போனில் சொன்னால் உம்மா காதிலும் விழும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் காலேஜ் ஃபுட்பால் அணியின் கேப்டனும் கோல்கீப்பரும் தாரிணி என்ற சீனியர். நான் நம் ஊர்த் தமிழில் வாய் திறந்தாலே, "மலையாளம் வேண்டாம் புள்ள, தமிழ்ல பேசு" என்று எல்லோர் முன்பும் சிரிப்பாள். என்னை ஆடவே விடாமல், வெளியே போகும் பந்துகளைப் பொறுக்க வைத்தாள். குளச்சல் கடற்கரையில் பையன்களோடு ஆடி வளர்ந்த நான் பந்து பொறுக்கினேன். அவள் எந்தப் பக்கம் பாயத் தயங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டே பொறுக்கினேன்.

நேற்று கோச் சீனியர்களுக்கும் ஜூனியர்களான எங்களுக்கும் போட்டி வைத்து, என்னையும் ஆட இறக்கினார். மூன்று கோல் போட்டேன், மூன்றும் அவளுடைய இடது பக்கம். ஒவ்வொரு தடவையும் வலையருகே போய் நின்று, "பந்த எடுத்துத் தாங்க அக்கா" என்றேன். மூன்றாவது தடவை அவள் கண் கலங்கிவிட்டது.

"போதும், விடு புள்ள."

"களி முடியலியே அக்கா, இன்னும் ஆட்டம் இருக்கே."

எனக்கு இரக்கமே வரவில்லை வாப்பா. ஆட்டத்தில் என் கால் நகம் ஒன்று பெயர்ந்துவிட்டது; சின்னக் காயம்தான், முளைத்துவிடும்.

மாமா மகன் சபீர் இந்தப் பக்கம் வந்தால் நெத்தோலிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். இங்கே தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஞாயிறு மட்டுமாவது கொஞ்சம் கூடுதல் நேரம் பேசுங்கள்.

கோச் என்னை அணியில் சேர்த்துவிட்டார். இனி தினமும் அவள் கோலில் நிற்க, நான் பெனால்டி அடித்துப் பழக வேண்டுமாம். மெஸ் மணி அடிக்கிறது. துஆ செய்யுங்கள், எனக்கு மட்டும்.

உங்கள் மகள்,
முப்ஷிரா