சௌல்தாரி மெஷினின் சத்தம்

2011 ஜூலை 12, செவ்வாய்

இன்று தண்ணீர் வந்த நாள். குடம், டிரம், குக்கர், டிபன் கேரியர் அடுக்கு வரைக்கும் பிடித்து வைத்தாயிற்று. நடுவில் இனியன் இரண்டு தடவை கண்ணை மூடினான். இரண்டு தடவையும் போய் அவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. இரண்டு தடவையும் முழித்துக்கொண்டான்.

ஐந்து மாதக் குழந்தை பகலெல்லாம் இப்படிக் கொட்டக் கொட்ட முழித்திருக்குமா? டாக்டரிடம் மறுபடி போனேன். "எடை ஏறுது, சிரிக்கிறான், அப்புறம் என்னம்மா?" என்கிறார். தூங்க மாட்டேங்கிறானே டாக்டர், அதைத்தானே சொல்றேன்! பி.எஸ்ஸி. இயற்பியலில் முதல் வகுப்பு. ஒரு பிள்ளையைத் தூங்கவைக்கத் துப்பில்லை.

நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கிய என் வீட்டுக்காரர் ஸ்ரீதர், இன்று ஒரு ஆட்டோ நிறைய இரும்பை இறக்கினார். இன்னொரு பழைய வாஷிங் மெஷின். தீவுக்குத் தீவு போகும் கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை பார்ப்பவருக்கு, லீவு நாளில் காலை நீட்டிப் படுக்கத் தெரியவில்லை. "புது ஆட்டோமேட்டிக்கு குழாயில எந்நேரமும் தண்ணி வேணும் தமிழு. நம்ம ஊருல அது அலமாரி. இது வாளியில ஊத்துனா ஓடும், ஒரே சோப்புத் தண்ணியில மூணு ஈடு போடலாம்" என்றார். தெரியும். நம் வீட்டில் ஒன்றுகூட இல்லை என்பதும் தெரியும். எல்லாம் ஊரார் மெஷின்.

ஜூலை 14, வியாழன்

மெஷின், தீவின் அந்தப் பக்கம் சௌல்தாரி கிராமத்தில் இருக்கும் மங்கையர்க்கரசி அம்மாவுடையது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர் கணவர் பழனிசாமி ஐயா சாத்தம் மர மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நேவி ஆபீசர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது வீட்டுச் சாமானையெல்லாம் விற்றாராம், அதில் வாங்கியது. அப்போது மூத்த மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். சௌல்தாரியில் அவர்கள் வரிசைக்கே அதுதான் முதல் மெஷின். பார்க்க வருகிறோம் என்று வந்த பெண்கள் எல்லாரும் கையோடு அழுக்கு மூட்டையும் கொண்டுவந்தார்களாம்.

சுனாமி அன்று முழங்கால் அளவுக்குக் கடல் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அதோடு மோட்டார் நின்றது. தூக்கிப் போட மனமில்லாமல் அரிசி கொட்டி வைத்திருக்கிறார்கள். இன்று அடித்தட்டைக் கழற்றியதும் ஒரு பிடி அரிசி, பல நிறத்தில் சட்டைப் பித்தான்கள், ஒரு கொலுசு மணி. எல்லாவற்றையும் கழுவி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தேன்.

அம்மா போனில் கூப்பிட்டார். "ஏன் அம்மிணி, சத்தம் வருதா?"

"இன்னும் பிரிச்சுத்தான் வச்சிருக்கோம்மா."

பின்னாலிருந்து ஐயா குரல்: "இருக்கறது ரெண்டு சீவன், ரெண்டு வேட்டி ரெண்டு சீலை. இதுக்கு மெஷினாமா! எனக்கு அரிசி டப்பா போச்சு."

"நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கிவிட்டு என்னிடம் சொன்னார்: "மூணு பிள்ளைகளும் மெயின்லேண்டு போயிருச்சுங்க கண்ணு. வீடு ஊமையாட்டக் கிடக்குது. அது கடகடன்னு ஓடுனாப் போதும்."

ஜூலை 18, திங்கள்

ஓடியது! மூன்று நாளாக உட்கார்ந்து மோட்டாருக்குப் புதுக் கம்பிச் சுருள் கட்டினார். நான் கம்பி பிடித்துக் கொடுத்தேன், சுற்றை எண்ணினேன். பிளக்கைச் சொருகியதும் வீடே அதிர்ந்தது. கட-கட-கட, நடுவில் ஒரு டொக், மறுபடி கட-கட.

"புஷ் தேய்ஞ்சிருக்கு" என்றார். சுழலும் தண்டைச் சுற்றி உட்காரும் வளையம் அது. சென்னைக்குச் சொல்லியிருக்கிறார், தபாலில் வரும். "வர்ற வரைக்கும் ஓட்டாதே. தண்டையே தின்னுரும். அடுத்தவங்க பொருள்."

சாயங்காலம் நிக்கோபார் டிரிப் கிளம்பிவிட்டார்.

ஜூலை 19, செவ்வாய்

ஓட்டிவிட்டேன்.

நாலு நாள் மழை. உலராத துணி நாற்றம். இனியனின் லங்கோடு ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரே ஒரு ஈடு என்று போட்டேன். தொட்டிலில் அழுதுகொண்டிருந்தவன் சத்தம் கேட்டு நிறுத்தினான். விட்டத்தைப் பார்த்தான். மறுபடி நான் திரும்பியபோது தூங்கியிருந்தான்.

தூங்கினான்! துணி அலசி, பிழிந்து, கயிறு கட்டி, காயப்போட்டு, நான் சோறும் தின்று முடித்தேன். உட்கார்ந்து சோறு தின்றேன். அது எப்படி இருக்கும் என்பதே மறந்து போயிருந்தது.

ஜூலை 23, சனி

தினமும் ஓட்டுகிறேன். தினமும் தூங்குகிறான்.

சிக்கல் என்னவென்றால் வீட்டில் அழுக்குத் துணி தீர்ந்துவிட்டது. வெறுமனே ஓட்ட மனசு வரவில்லை, கரண்ட்டுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? பக்கத்து வீட்டு சுசீலா அக்காவிடம் சுவருக்கு மேலே எட்டிக் கேட்டேன்.

"அக்கா, துணி இருக்கா துவைக்க?"

"அரே, என்னாச்சு தமிழு? உனக்கே நூறு வேலை."

"சும்மாதான் அக்கா. கொடுங்க."

"சும்மா துவைக்கிறியா? பாகல் ஹோ கயி க்யா? பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வீட்டுத் திரைச்சீலை அத்தனையும் சுருட்டிக் கொடுத்தார். சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து இரண்டு கம்பளி வந்தது. டாலிகஞ்சில் எங்கள் சந்து மட்டும் பளபளவென்று இருக்கிறது.

தண்டு தேயும். தெரியும். ஸ்ரீதர் வந்தால் என்ன சொல்வேன்? இன்னும் ஒரு வாரம் மட்டும் ஓட்டுகிறேன். அவனுக்குப் பழகட்டும்.

ஜூலை 27, புதன்

பார்சல் வந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற வளையம், கப்பலுக்குக் காத்திராமல் விமானத் தபாலில் வந்துவிட்டது. யாருக்கு இத்தனை அவசரம்? கடுகு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன்.

புது புஷ் போட்டால் சத்தம் போகும். சத்தம் போகாவிட்டாலும் மெஷின் போகும். எப்படிப் பார்த்தாலும் என் பிள்ளையின் தூக்கம் சௌல்தாரிக்குப் போகிறது.

மத்தியானமே போன். மங்கையர்க்கரசி அம்மா. "சாமான் வந்துருச்சா கண்ணு?"

வாயிலிருந்து தானாக வந்தது: "இல்லம்மா, சென்னைக் கப்பல்ல வந்துக்கிட்டிருக்கு."

அந்தப் பக்கம் போன் கை மாறியது. பழனிசாமி ஐயா. "எந்தக் கப்பல்ல அம்மிணி?"

"சென்னைக் கப்பல்தான் ஐயா."

"அது டிரை டாக்குக்குப் போயி மாசமாகப் போகுது. ரேடியோவுல தினமும் சொல்றானே. தரையில ஏத்தி வெச்சு அடிப்பாகம் சுரண்டிக்கிட்டிருக்கறான். உன்ற சாமான் நீந்தி வருதா?"

இந்த ஊரில் போய்க் கப்பல் பொய் சொல்லலாமா? பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட எது எங்கே நிற்கிறது என்று தெரியும். "கல்கத்தா வழியா..." என்று இழுத்தேன். "ஓஹோ" என்றார். அந்த ஓஹோ இன்னும் காதிலேயே இருக்கிறது.

ஜூலை 28

டொக் சத்தம் இன்று இன்னும் பெரிதாகக் கேட்கிறது. தண்டா?

ஜூலை 30, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சுசீலா அக்காவின் மெத்தை உறை போட்டிருந்தேன். தொட்டி நிறைய நுரை. மெஷின் கடகடவென்று ஓடுகிறது, இனியன் தொட்டிலில் தூங்குகிறான். திடீரென்று கரண்ட் போனது.

அந்த நிசப்தம்! இதோ முழிக்கப் போறான், இதோ கத்தப் போறான் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். கையெல்லாம் சோப்பு, உறை தண்ணீரில் யானைக் கணக்கில் கனக்கிறது. அதைப் பாதியில் விட்டால் சாயம் இறங்கும். சரி, கத்தட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையாலேயே கசக்கினேன், அலசினேன். பிழிய முடியாமல் சுசீலா அக்காவைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கியதில் அக்கா வழுக்கி வாளியில் உட்கார்ந்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமெல்லாம் ஒன்றுமேயில்லை.

ஈரக் கையோடு எட்டிப் பார்த்தேன். அதே மாதிரி, வாயைத் திறந்துகொண்டு, தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்படியென்றால் சத்தம் இல்லையா? அப்புறம் எது?

ஆகஸ்ட் 1, திங்கள்

நேற்றும் இன்றும் மெஷினைத் தொடவில்லை. சோதனை என்றால் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், ஆய்வுக்கூடத்தில் படித்ததுதானே.

நேற்று: மெஷின் இல்லை. நான் தொட்டிலருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். கண்ணை மூடினான். மூச்சு வருகிறதா என்று குனிந்தேன். முழித்தான். திரும்பத் திரும்ப இதேதான்.

இன்று: மெஷின் இல்லை. தொட்டிலில் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டுக் கொல்லைக்குப் போய் முருங்கைக்கீரை ஆய்ந்தேன். காம்பைக்கூட விடாமல் ஆய்ந்தேன். நூறு முறை கால் உள்ளே போகப் பார்த்தது. போகவில்லை.

தூங்கினான்.

முழிக்க வைத்தது நான். நானேதான். என் விரல்தான்! இத்தனை நாள் பிள்ளை தூங்கலை தூங்கலைன்னு ஊரைக் கூட்டினேனே... சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. பாவம் அந்தத் தண்டு.

ஆகஸ்ட் 5, வெள்ளி

ஸ்ரீதர் வந்துவிட்டார். காபியை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கடுகு டப்பாவை எடுத்து முன்னால் வைத்தேன்.

அவர் முதலில் எழுந்து போய் மெஷினைக் கவிழ்த்தார். டார்ச் அடித்துத் தண்டை விரலால் தடவினார்.

"கோடு விழுந்திருக்கு. உப்புத்தாள் போட்டுத் தேச்சிரலாம். இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா புதுத் தண்டுதான். அதுக்கு நான் எங்க போவேன்?" கோபமாகத்தான் சொன்னார். பிறகு வெளியே, மழையில் இன்னும் காயாத துணி தொங்கும் கொடியைப் பார்த்தார். "அது யார் வீட்டுக் கம்பளி?"

"எதிர்வீடு."

"அந்தப் பச்சைத் திரை?"

"சுசீலா அக்கா."

"நான் கடல்ல கிடந்து லைட் போடுறேன், இங்க நீ லாண்டரி நடத்துறே" என்றார். அதற்குமேல் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

நேற்றே புஷ் மாட்டியாகிவிட்டது. துருவெல்லாம் சுரண்டி, வெளிர்நீலத்தில் பெயிண்டும் அடித்துவிட்டார். பார்க்கக் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது.

காலையில் மங்கையர்க்கரசி அம்மாவும் ஐயாவும் வந்தார்கள். அம்மா மெஷினைச் சுற்றி வந்து தடவிக் கொடுத்தார். நான் கிண்ணத்தைக் கொடுத்ததும் கொலுசு மணியை எடுத்துக் காதருகே ஆட்டினார். "பெரியவளுது."

ஸ்ரீதர் பெருமையாக ஸ்விட்சைப் போட்டார். பூனை நடந்தது போல ஓடியது.

"போடுங்க தம்பி" என்றார் அம்மா.

"ஓடுதும்மா."

"ஓடுதா?" மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் சுழல்கிறது. அவர் முகம் மெல்ல இறங்கியது. "சத்தத்தையே காணமே."

"புது புஷ்மா! இன்னும் பத்து வருஷத்துக்குச் சத்தமே வராது."

"அருமையான வேலை தம்பி" என்றார் ஐயா. "நிம்மதியா பேப்பர் படிக்கலாம்."

அம்மாவோ, நல்லாருக்குது தம்பி, நல்லாருக்குது என்று முந்தானையால் மூடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நாள் அந்தச் சத்தத்தை நான் வைத்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கொடுக்கும்போது சத்தம் இல்லை.

"பார்சல் அன்னைக்கே வந்துருச்சும்மா. நான்தான் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்து இனியன் கதை முழுவதும் சொன்னேன். ஐயா, "கப்பல்ல வருதுன்னு சொன்னப்பவே தெரியுமே" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பழைய புஷ்ஷை மாட்டலாம், ஆனா தண்டு போயிரும்" என்றார் ஸ்ரீதர் பரிதாபமாக.

அப்போதுதான் தோன்றியது. தண்டு எதற்கு? ஆடினால் போதுமே. மெஷினைச் சாய்க்கச் சொல்லி, நாலு காலில் ஒன்றின் ரப்பரைக் கழற்றினேன். ஓட்டினோம். டுக்-டுக். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இப்படித்தான். ஆனா ஒல்லியா இருக்குது." காலுக்கடியில் பிஸ்கட் டப்பா மூடியைத் தள்ளினேன். கட-கட. "கிட்ட வந்துருச்சு கண்ணு!" மூடியைக் கொஞ்சம் நகர்த்தினேன். கட-கட-கட, டொக், கட-கட.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த இனியன் வீறிட்டு அழுதான். இத்தனை நாள் இதே சத்தத்தில் தூங்கிய பயல்!

"ரெண்டு நாளா நான் அடக்குனதை அஞ்சு நிமிஷத்துல அவுத்து விட்டுட்டா" என்று ஸ்ரீதர் ஐயாவிடம் முறையிட்டார். ஐயா மடித்த பேப்பரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

மங்கையர்க்கரசி அம்மா போன் செய்தார். கோயம்புத்தூர் மகள் கூப்பிட்டபோது மெஷினை ஓடவிட்டுப் போனைப் பக்கத்தில் பிடித்தாராம். மகள் அதைக் கேட்ட பிறகு, "ஏம்மா, இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவா?" என்று கேட்டாளாம். அவள் படித்த காலத்தில் லீவு நாளில்தானே அந்த மெஷின் ஓடும். தீபாவளிக்கு வருகிறாளாம். கப்பலில் டிக்கெட் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "கப்பல் டிரை டாக்குல இருந்து இறங்கிருச்சு, அவர் ரேடியோவுல கேட்டுட்டார்" என்றும் சொன்னார். எனக்கும் கொஞ்ச நேரம் அந்தக் கடகடவைக் கேட்கவைத்தார்.

முன்னறையில் புதிதாக ஒரு மெஷின் வந்து கிடக்கிறது. ஹாடோவிலிருந்து ரிப்பேருக்கு வந்தது, சிவப்பு மூடி. ஸ்ரீதர் வர இன்னும் நாளாகும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பின்தகடு கழன்றுவிட்டது. பெல்ட் அறுந்திருக்கிறது. கையெல்லாம் கிரீஸ், இந்தப் பக்கத்தின் ஓரத்திலும் ஒட்டிக்கொண்டது.

இனியன் உள்ளே தூங்குகிறான். எப்போது தூங்கினான் என்று கவனிக்கவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை.