ஆற்று மட்ட நோட்டில் இல்லாத தாள்

மார்ச் 3

ஊர்ப் புத்தகத்தின் முதல் பத்தி முடிந்தது. பாலத்துக்கு நூறு வயதாகிறதாம். குடியிருப்போர் சங்கம் சிறு புத்தகம் போடுகிறது. நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறவள் என்பதால் எழுதும் வேலை என் தலையில். ‘வடக்கே மேடு, தெற்கே ஆறு. ஊரைத் தொடும் இடத்தில் ஆறு முழங்கைபோல் மடங்குகிறது. அந்த மடிப்புக்குள் இருப்பது பள்ள வயல். நகரத்துக்கு ரயிலில் இருபது நிமிடம்.’ இவ்வளவுக்கு மூன்று நாள்.

மார்ச் 9

சங்கக் கூட்டம். ஊரின் முக்கிய மனிதர்கள் யார் யார் என்று கேட்டுத் தொலைத்தேன். எல்லோருடைய தாத்தாவும் முக்கியமானவர். ஒரு தாத்தா என்ன செய்தார் என்று கேட்டால், தொண்ணூற்றாறு வயது வரை இருந்தாராம். கடைசியில் நான் குறித்துக்கொண்டது இரண்டு பேரை. படகில் போய் வைத்தியம் பார்த்த டாக்டர். முப்பத்தோரு வருடம் தினமும் ஆற்றின் உயரத்தை அளந்து நோட்டில் எழுதிய பாலக் காவலர்.

திரும்பும்போது சங்கத் தலைவர் கூடவே நடந்தார். கட்டட ஒப்பந்தக்காரர். பள்ள வயலில் நாற்பது வீடு கட்டப்போகிறவர்.

“வெள்ளம் கிள்ளம்னு எழுதி ஜனங்களைப் பயமுறுத்திடாதீங்க மேடம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் வெள்ளம் என்று வாயே திறக்கவில்லையே?

மார்ச் 10

காவலரின் நோட்டை நூலக அலமாரியிலிருந்து எடுத்தேன். நான் பிறப்பதற்கு முந்தின வருடம், அக்டோபர் மாதத் தாள் இல்லை. கிழிக்கவில்லை, தையல் ஓரமாகப் பிளேடு வைத்து அறுத்திருக்கிறார்கள். பெரிய வெள்ளம் வந்தது அந்த மாதம்தான். எதுவரை வந்தது என்று கேட்டால் மட்டும் ஊரில் ஆளுக்கு ஒரு கதை.

மார்ச் 11

யார்?

மார்ச் 14

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒப்பந்தக்காரர் ஜனவரியில் மூன்று தடவை வந்திருக்கிறார். ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. மின்விசிறிக் காற்றுக்காக இங்கே வருகிறவர்கள் உண்டு. இவருக்குக் காரிலேயே ஏசி இருக்கிறது.

மார்ச் 17

தபால்கார அம்மா கடிதங்களை மேசையில் வைத்துவிட்டு, பையிலிருந்து பள்ள வயல் வீடுகளின் வரைபடத்தை எடுத்து விரித்தாள். “இருபத்தெட்டாம் நம்பர்க்கா. ஆத்தைப் பார்த்த மாதிரி. இத்தனை வருஷம் மத்தவங்க வாசல்லயே நின்னாச்சு, நமக்குன்னு ஒரு வாசல்.”

நல்லது என்றேன். வேறென்ன சொல்ல? வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒருத்தியின் வாசலை இடிக்கலாமா? சரி, சொல்லாமல் இருக்கலாமா?

மார்ச் 18

தாள் காணாமல் போனதை அண்ணனிடம் போனில் சொன்னேன். பள்ள வயல் எங்கள் அப்பாவுடையது. பிப்ரவரியில் அண்ணன்தான் பேசி விற்றார். நான் கையெழுத்துப் போட்டதோடு சரி.

“பூகோளம் எழுதச் சொன்னா துப்பறியக் கிளம்பிட்டியா?” என்று சிரித்தார். பிறகு, “இதை யார்கிட்டயாவது சொன்னியா?” இரண்டு தடவை கேட்டார். என்மேல் அக்கறை.

மார்ச் 21

எழுதித்தான் தீரணும்.

வயல் ஓரத்துத் தகரக் கொட்டகையில் ஒப்பந்தக்காரரைப் பார்த்து நேராகவே கேட்டேன், அந்தத் தாள் எங்கேன்னு. அவர் முழிச்சார். “எந்தத் தாள்? அந்த நோட்டைப் பார்க்கத்தானே மூணு தடவை வந்தேன். வெளியே போயிருக்குன்னு சாயங்காலம் இருக்கற பையன் சொன்னான். அப்புறம் உங்க அண்ணனே கொண்டுவந்து காட்டினார். பள்ள வயல்ல தண்ணி ஏறினதா ஒரு வரி இருந்தா காட்டுங்கன்னார். இல்லை. அதுக்கப்புறம்தான் வாங்கினேன்.”

“அப்போ வெள்ளத்தைப் பத்தி எழுத வேண்டாம்னு ஏன் சொன்னீங்க?”

“அந்தப் பேச்சு வந்தாலே வீடு பார்க்க வர்றவங்க திரும்பிப் போயிடறாங்க மேடம்.”

ஜனவரியில் நோட்டை வெளியே கொடுத்தது யாரு? நான்தானே. அப்பாவைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கும், பார்த்துட்டுத் தர்றேன்னார். அண்ணன்தானேன்னு பதிவுகூடப் போடலை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டேனே.

மார்ச் 22

வேலியே — வேண்டாம். எழுத மாட்டேன்.

மார்ச் 23

அண்ணன் வீடு. சமையலறை மேசையில் அவர், எதிரே நான், அடுப்பருகே அண்ணி. அண்ணன் மறுக்கவில்லை.

“அப்போ எனக்கு அஞ்சு வயசு. அப்பா தோள்ல உட்கார்ந்துதான் அந்த வயலைத் தாண்டினேன். தண்ணி அவர் கழுத்து வரைக்கும். எனக்குத் தெரியாதா? அம்பத்து மூணு வருஷமா வரலை. இனிமே எதுக்கு வரணும்?”

“வராதுன்னா ஏன் அறுத்தீங்க?”

அண்ணி உள்ளே போய், துணி அலமாரியிலிருந்து மடித்த தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “எரிச்சிடுன்னு குடுத்தார். எனக்குக் கை வரலை.”

அண்ணன் அவளை யாரோ போலப் பார்த்தார். என்னிடம், “இனி இந்தப் படி ஏறாதே” என்றார்.

காவலரின் கையெழுத்து: ‘19ஆம் தேதி. பள்ள வயல் முழுவதும். ஆளுயரம்.’

மார்ச் 24

ஒப்பந்தக்காரருக்கு ஒரு நகல். நின்றபடியே வெகுநேரம் படித்தார். “கலந்து பேசிட்டுச் சொல்றேன்.” நம்பலாமா? தெரியவில்லை. அதனால் தபால்கார அம்மாவிடம் நானே இன்னொரு நகலைக் கொடுத்தேன். “பரவால்லக்கா” என்றாள். முகம் அப்படிச் சொல்லவில்லை.

ஜூன் 30

புத்தகம் வந்துவிட்டது. வெள்ளம் எட்டாம் பக்கத்தில், காவலர் குறித்த அளவோடு. விற்பனை ரத்தாகி, வயல் எங்களுக்கே திரும்பிவிட்டது. ஒப்பந்தக்காரர் மேட்டில் இடம் பார்த்துவிட்டார். ஆனால் அங்கே பதினாறு வீடுதான் கொள்ளும். அந்தப் பதினாறில் தபால்கார அம்மா இல்லை. இப்போதெல்லாம் கடிதங்களை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

வெளியீட்டுக்கு அண்ணன் வரவில்லை.

ஆகஸ்ட் 12

மதியம் நூலகத்தில் நான் மட்டும். அண்ணன் வந்தார். கையில் ஊர்ப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

“பதினாலாம் பக்கம் தப்பு. செங்கல் சூளை பாலத்துக்கு அப்புறம் வரலை, முன்னாடியே இருந்தது. பாலத்துக்கே கல் அங்கேருந்துதான் போச்சு.”

ஐந்து மாதத்தில் முதல் பேச்சு. இதற்காகத்தான் வந்தாரா?

“சொல்லுங்க, குறிச்சுக்கறேன்” என்றேன். காவலரின் நோட்டு இருக்கும் அலமாரியின் சாவி மேசைமேல் கிடந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார். உட்கார்ந்து, பதினாலாம் பக்கத்தைத் திறந்தார்.