சுவரோர நாற்காலி

செவ்வாய், இரவு.

கொப்பளித்தால் இன்னும் ரத்தம் வருகிறது.

நாளை கல்லூரியில் மெய்நிகர் உலகத்தில் முதல் வகுப்பு. லேபில் உட்கார்ந்து, கண்ணை முழுக்க மூடுகிற கண்ணாடியை மாட்டிக்கொண்டால் உள்ளே ஒரு வகுப்பறை தெரியும். அங்கே நமக்குப் பதிலாக உட்கார ஆளுக்கொரு பொம்மை செய்யச் சொன்னார்கள். இன்று அதற்கு ஒத்திகை. கூடப் படிக்கிற தினேஷ் தன் பொம்மையின் மணிக்கட்டிலும் சாதிக் கயிற்றின் நிறத்தைப் பூசியிருந்தான். என் பொம்மை முதல் பெஞ்சில் உட்கார்ந்தது. நான் செய்தது அவ்வளவுதான்.

சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தினேஷ் என் சட்டையைப் பிடித்தான். "இன்னாடா, காலனிக்காரன் எங்களுக்கு முன்னாடி குந்திக்கினு கீற?" என்று மோதிரக் கையால் வாயில் குத்தினான். நான் டிபன் பாக்ஸால் அவன் புருவத்தைக் கிழித்தேன். கண்டக்டர் ஓடிவந்து விலக்கினார். போகும்போது தினேஷ் கத்தினான்:

"நாளைக்கு லேபுல கண்ண மூடிக்கினுதான குந்துவ? அப்போ வச்சிக்கிறேன்டா!"

அதுதான் மண்டையைக் குடைகிறது. கண்ணாடியை மாட்டிவிட்டால் பக்கத்தில் எவன் வந்து நிற்கிறான் என்றே தெரியாது.

பஸ் படியில் விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். உதட்டை உற்றுப் பார்த்தாள். "படி மோதிரம் போட்டுக்கினு இருந்துச்சா?" என்றாள்.

போனில் பொம்மையைத் திறந்தேன். வீங்காத உதட்டோடு சிரிக்கிறது. முதல் பெஞ்சை விட்டு அதை எழுப்ப மாட்டேன். நான்தான் லேபுக்குச் சீக்கிரமே போய், முதுகுக்குச் சுவர் இருக்கிற நாற்காலியைப் பிடிக்க வேண்டும். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருக்கிறேன். பாடம் முடிகிறவரை அது என் மடியில்தான் இருக்கும்.