உங்கள் வகுப்பைத் தோண்டிய நாள்

டீச்சர்,

வெள்ளையடிப்பதற்காக ஆசிரியர் அறையில் பீரோவை நகர்த்தினார்கள். அதன் பின்னால் உங்கள் மம்பட்டி சாய்ந்து நின்றது. போன வருடம் ஒட்டிய மண் அதன் இலையில் அப்படியே காய்ந்து கிடந்தது. அலுவலக உதவியாளர் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சர், இத ஸ்டோர் ரூம்ல போட்றவா? இனி யாரு கேக்கப் போறா?"

"அங்கிட்டே கெடக்கட்டும்ணே," என்றேன்.

அவர் பழைய இடத்திலேயே சாத்திவிட்டுப் போனார். நான் வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுவதைத் தொடர்ந்தேன். இந்த வருடம் எனக்கு இரண்டு பதிவேடுகள். ஒன்பது பி எப்போதும்போல என்னுடையது. ஒன்பது ஏ உங்களுடையது. உங்கள் இடத்துக்கு ஆள் வரும்வரை அதையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றைப் பண்டைய நாகரிகங்களில் தொடங்குகிறோம். நான் தொடங்கும் விதம் உங்களுக்குத் தெரியும். உலக வரைபடத்தை மாட்டுவேன், நான்கு நதிகளையும் குச்சியால் காட்டுவேன், வண்டல் மண், வேளாண்மை, நகரம் என்று வரிசையாகக் கரும்பலகையில் எழுதுவேன். நீங்களோ புத்தகத்தைத் திறக்கவே விடமாட்டீர்கள். வீட்டில் தூக்கிப் போடப்போகும் பொருள் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொல்வீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குழி வெட்டி உங்கள் வகுப்பு அதையெல்லாம் புதைக்கும். அடுத்த வாரம் என் வகுப்பு தோண்டும். தோண்டியதை வைத்து அங்கே வாழ்ந்தவர்கள் யார், என்ன செய்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பு ஜன்னலில் தொங்கிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கும்.

முதல் தடவை எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வாரம் வீணாகிறதே என்றேன். "சுமேரியாக்காரன் அஞ்சாயிரம் வருசமாக் காத்துக்கிட்டு இருக்கான் டீச்சர். இன்னொரு வாரம் இருக்க மாட்டானா?" என்றீர்கள். சொல்லிவிட்டு என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வடையையும் எடுத்துக்கொண்டீர்கள். உங்களோடு வாதாடினால் எனக்கு வடைதான் நஷ்டம்.

ஏலக்காய்க் காம்பு கிடைத்த வருடம் ஞாபகம் இருக்கிறதா? குழியின் ஒரு மூலையில் ஒரு பை நிறையக் காம்பும் தூசியும் சருகும் வந்தன. என் வகுப்புப் பிள்ளைகள் போடிக்காரப் பிள்ளைகள். ஏலக்காய் என்ன விலை விற்கிறது என்று பாலகன்கூடச் சொல்லும் ஊர். உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: இது வியாபாரி வீடு, குடோன் இருக்கிறது, கார் இருக்கிறது, பெரிய பணக்காரர்கள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் இருந்து உங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வெடித்துவிட்டாள்.

"எங்கம்மா ஏலக்காக் கடையில கூலிக்குக் காம்பு கிள்ளுற சோலி பாக்குது. கூட்டித் தள்ளுனத அள்ளிட்டு வந்து கொசுவுக்குப் பொகை போடுவோம். எங்க வீட்டு டீயில ஒரு நாளும் ஏலக்கா போட்டதில்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "கையில பட்டது யாருக்கு, வாயில போனது யாருக்கு? ரெண்டையும் கேக்கணும்," என்றீர்கள். அதோடு விடவில்லை. எல்லோரையும் அங்கேயே மண்ணில் உட்கார வைத்து, பிரமிடுக்குக் கல் இழுத்தவன் என்ன சாப்பிட்டிருப்பான் என்று பேச ஆரம்பித்தீர்கள். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்த வருடம் எகிப்து பாடத்தை நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

இந்த மே மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வெயிலைத் திட்டினீர்கள். மறுவாரம் உங்கள் ஊர் சிலமலைக்கு பஸ் ஏறினேன். உங்கள் வாசலில் கூட்டம். உங்கள் வீட்டுக்காரர் பந்தலுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பள்ளிக்கூடம் தெறந்தா இவ இல்லாம எப்படி டீச்சர் ஓட்டுவீங்க?" என்று கேட்டார். "ஓட்டிருவோம்ணே," என்றேன். துக்க வீட்டில் சொல்லக்கூடிய பதிலா அது?

ஓட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஹெச்.எம். சார் கூப்பிட்டு, "ரெண்டு செக்ஷனும் நீங்கதான். பாடம் முடியணும். அந்தக் குழி வேலைய இந்த வருசம் விட்டுருங்க," என்றார். நியாயமான பேச்சு. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வகுப்பும் ஒருத்தி கையில் இருக்கும்போது அந்த விளையாட்டும் நடக்காது. புதைப்பதை அறிந்தவள் ஒருத்தி, அறியாதவள் ஒருத்தி என்று இரண்டு பேர் வேண்டும்.

உங்கள் வகுப்பில் போய் வரைபடத்தை மாட்டினேன். டைக்ரிஸ், யூப்ரடீஸ். பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள். ஏதோ வாடை அடித்தது. மேசைகளுக்கு அடியில் பார்த்தால் ஆளுக்கொரு பை. முதல் நாளிலிருந்தே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அக்கா, அண்ணன் சொல்லிக் கேட்ட பிள்ளைகள். குரங்கணியிலிருந்து வருகிற பெண் எழுந்து நின்றாள். அவள் அம்மா இருட்டோடு ஜீப்பு ஏறி மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். பிள்ளைதான் பையைக் கட்டி, தம்பியையும் கிளப்பிவிட்டு, பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

"டீச்சர், எங்கள எப்போ தோண்டுவாங்க?"

பார்க்கலாம், உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். பையை மட்டும் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. மறுநாளும் அங்கேயே இருந்தது, அதற்கு மறுநாளும். குழி வேலையை நான் நிறுத்தினால் உங்கள் வகுப்பும் அதோடு நின்றுவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. உங்களுக்குப் பிறகு அது வெறும் இன்னொரு பிரிவாகிவிடும். அதை என் கையாலேயே செய்துகொண்டிருந்தேன்.

ஹெச்.எம். அறைக்குத் திரும்பப் போனேன். விட்ட பாடத்தைச் சனிக்கிழமை எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கதான வேஸ்டுன்னு அந்த டீச்சர்கிட்ட மல்லுக்கு நிப்பீங்க?" என்றார். ஆமாம் சார் என்றேன். "என்னமோ செய்யுங்க. வெரசா முடிங்க."

புதைக்கும்போது நான் பக்கத்தில் போகவில்லை. ஒன்பது ஏ பிள்ளைகளை அலுவலக உதவியாளர் அண்ணனோடு அனுப்பிவிட்டு, ஆசிரியர் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எட்டிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அறியாதவளாக இருப்பது என் பங்கு. அதையாவது சரியாகச் செய்வோம் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தோண்டிய அன்று மலையிலிருந்து சாரல் அடித்தது. மண் இளகி இருந்தது. வார் அறுந்த செருப்பு வந்தது. ஏலத்தோட்டத்தில் மழைக்கு முதுகில் போர்த்துகிற பிளாஸ்டிக் தாள் கிழிசலாக வந்தது. உடைந்த சீப்பு, மாத்திரை அட்டை, காது போன கப். என் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பேசி முடித்தார்கள். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்தது. உள்ளே மை தீர்ந்த சிவப்புப் பேனாக்கள், விரலில் பிடிக்க முடியாத அளவு தேய்ந்த சாக்பீஸ் துண்டுகள், தொண்டைக்குச் சப்புகிற மிட்டாயின் தாள்கள். வகுப்பில் நீங்கள் பயன்படுத்திய மேசையின் இழுப்பறையைக் காலி செய்து போட்டிருக்கிறார்கள்.

ஜன்னலில் நின்றவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தார்கள். தோண்டியவர்களுக்கும் அது யாருடையது என்று தெரியும். போன வருடம் எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் நீங்கள்தானே பாடம் எடுத்தீர்கள். ஆனால் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. விளையாட்டின் முறை அது. ஒருத்தி, "இவுங்க நெறையாப் பேசுற சோலி பாத்திருக்காங்க, தொண்டை வலிச்சிருக்கு," என்றாள். இன்னொருத்தி, "எதையும் வீணாத் தூக்கிப் போட மாட்டாங்க," என்றாள். நான் கரும்பலகை இல்லாததால் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டே வந்தேன். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். பின்னால் நின்ற பையன் ஒரு சாக்பீஸ் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இத வச்சு அவுங்க இப்ப இருக்காங்களா இல்லையான்னு சொல்ல முடியாது டீச்சர்."

நான் அட்டையைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். உங்கள் வாசலில் அழாததையும் சேர்த்து, இரண்டு வகுப்பும் பார்க்க, அழுதேன். யாரும் சிரிக்கவில்லை. பிறகு அட்டையை எடுத்து அவன் சொன்னதையும் எழுதினேன்.

தெரியாது என்று எழுதிய பிள்ளைக்கு இத்தனை வருடத்தில் நான் ஒரு மதிப்பெண்கூடப் போட்டதில்லை. அன்று அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன், டீச்சர்.