வேண்டுதல் பெட்டியில் அருளின் சீட்டு

புதன், 5
மதியம்வரை மழை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க டிராபிக் ஜாம். சர்ச்சில் வேண்டுதல் பெட்டியைத் திறந்தேன். ஞாயிறு ஆராதனையில் சீட்டுகளை வாசிப்பது என் பொறுப்பு. முழங்கால் வலி, மகளுக்கு வரன், மகனுக்கு வேலை. வழக்கம்போல. கடைசியில் அருளின் கையெழுத்து.

“கிள்ளான் கையுறை பேக்டரியில் யூனியனில் சேர்ந்து வேலை இழந்த ஏழு பெண்களுக்காக. மேனேஜர் அவர்களைத் திரும்ப எடுக்கும்படி.”

அந்தக் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். இந்த வயதில், வெட்கக்கேடு.

அருள் ஒருகாலத்தில் பாஸ்டராவதற்குப் படித்துக்கொண்டிருந்தவர். மாற்கு சுவிசேஷமும் மார்க்ஸும் ஒரே பையில். பாதியில் விட்டு யூனியனுக்குப் போனார். “நீயும் வா மேரி” என்றார். அம்மாவைச் சாக்குச் சொன்னேன். இருபது வருடம் ஆயிற்று.

வியாழன், 6
சீட்டை பாஸ்டரிடம் காட்டினேன். சபை மூப்பர் தாமஸும் இருந்தார். அந்த பேக்டரி மேனேஜரே அவர்தான்.

“சிஸ்டர், வேண்டுதல்னா ஆண்டவர்கிட்ட கேக்கறது. இது என்கிட்ட கேக்கற மாதிரி இருக்கு. சர்ச்ல பொலிடிக்ஸ் வேணாம் லா.”

பாஸ்டர்: “நீங்களே பாத்து செய்ங்க.” மதில்மேல் பூனை.

வெள்ளி, 7
வெங்காயம், தயிர், அம்மா கல்லறைக்குப் பூ. மூன்றையும் மறந்தேன். அருள் பேச்சே ஓடுகிறது. அந்த நாளில் பாஸ்டர் படிப்பு வகுப்பில் சொன்னாராம்: “மேல அசையாம உக்காந்திருக்கிற கடவுள் முதலாளிக்குத்தான் வசதி. நம்ம கடவுள் வருங்காலத்துலேருந்து நம்மள நோக்கி வரார்.” அப்படியானால் இப்போது கடவுள் இல்லையா என்று வாத்தியார் கேட்க, “இருக்கார் சார். பசிச்சவன் சாப்பிடறவரைக்கும் முழுசா வந்து சேரல.” வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வராதவருக்காகக் காத்திருப்பதுதான் விசுவாசம் என்றால், எனக்கு நிறையவே இருக்கிறது.

ஞாயிறு, 9
வாசித்தேன். ஒரு சொல் விடவில்லை.

ஒவ்வொரு சீட்டுக்கும் சபை சொல்வதுபோல இதற்கும், “கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேளும்.” மூப்பர் குரல்தான் சத்தம். பழக்கதோஷம். சொல்லி முடித்த பிறகுதான் முகம் மாறியது. சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

வாசலில் அருள். தலையெல்லாம் நரை. கடைசி வரிசையில் இருந்தாராம்.

“தேங்க்ஸ் டீச்சர்.”

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கூப்பிடுவதுபோல டீச்சராம். மேரி என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

“நாளைக்குக் காலைல பேக்டரி கேட்ல அந்த அக்காங்க ஜெபம் வைக்கிறாங்க. வாசிக்க ஆள் இல்ல.”

“வரேன்” என்றேன், எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்காமல்.

ஆண்டவருக்காகவா, அவருக்காகவா? இரண்டு பேருக்காகவும்தான். கிள்ளானுக்கு காலை முதல் கொமுட்டர் ரயில். அலாரம் வைத்தாயிற்று.