பக்கத்து வீட்டு நிழலில் என் அந்தூரியங்கள்

ஜனவரி 21, 2025. கலகெதர

இன்று நாலு அந்தூரியம் ஒன்றாக விரிந்தன. வெள்ளைக்குத்தான் கர்வம் அதிகம். மாதக்கணக்கில் வெறும் இலையைக் காட்டிவிட்டு இப்போதுதான் மனம் இறங்கியிருக்கிறது. மொத்தம் முப்பத்தெட்டுப் பூச்சாடி. எல்லாம் பக்கத்து வீட்டு அஸீம் நானாவின் பலா மர நிழலில்.

பெப்ரவரி 2

அந்தப் பலாவை வெட்டப் போகிறார்களாம். கிளை விழுந்து அவர்களுடைய குசினிக் கூரை ஓடு உடைந்துவிட்டது. கிராம சேவகரும் வந்து பார்த்துவிட்டார்.

“கிளைய மட்டும் வெட்டினாப் போதாதா நானா?”

“அடி மரமே பொந்து, ருஷ்தா. சாஞ்சா எங்கட தலமேலதான்.”

“அப்ப என்ட பூ?” கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

“மனிசர விட பூ பெரிசா ஒனக்கு?” என்றார் அவர் மனைவி அபீபா ராத்தா. நானும் பதிலுக்கு ஏதோ கத்தினேன். அதை இங்கே எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரி 9

வெட்டியாயிற்று. முற்றம் முழுக்க வெயில்.

பெப்ரவரி 13

இலைகள் கருகுகின்றன. முதலில் ஓரம், பிறகு நடுவில் காய்ந்த திட்டு. பழைய சாரியை மேலே கட்டினேன். காற்று பிடுங்கிப் போட்டது.

போய் மன்னிப்புக் கேட்டால் என்ன? மரம் திரும்பி வராது. அதற்காகவா கேட்பது?

பெப்ரவரி 15

போனேன். ராத்தா கதவைத் திறந்தார். “மாப்பு செய்யுங்க ராத்தா” என்றேன். என்னை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நீளமாக ஒரு சந்து. ஈரம், பாசி.

“உடுப்புக் கூட காயாத எடம். ஒன்ட சாடியெல்லாம் கொணாந்து இங்க வெய்.”

தள்ளுவண்டியில் ஏற்றிப் போனது அஸீம் நானாதான். அழுகை வந்தது— சாடி கனம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஏப்ரல் 20

புது இலைகள், செம்பு நிறத்தில். ராத்தா என்னிடம் கேட்காமலே பத்துச் சாடியில் வேருக்குப் போடும் கரியும் தேங்காய் மட்டையும் மாற்றிவிட்டார். கோபப்படலாம் என்று குனிந்து பார்த்தேன். என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறார்.

மே 18

மறுபடியும் சண்டை. நான் தண்ணீர் அதிகம் ஊற்றுகிறேனாம். “நீ ஊத்தல்ல, குளிப்பாட்டுறாய்.”

ஜூன் 15

வெள்ளையில் ஏழு பூ.

இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலை உடைத்து வழி வைக்க, கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் வந்தார். “ரெண்டடி போதுமா?” என்று அஸீம் நானா கேட்டார்.

“மூணு வெய்ங்க நானா, சாடியோட போகணும்.”

“சாடி எங்கயும் போகாது,” உள்ளேயிருந்து ராத்தாவின் குரல். “அவ வந்து போகத்தான் வழி. ரெண்டர வெய்ங்க.”