நம் வீட்டு வார்டில் காபி கிடையாது

அப்பா,

இன்று பள்ளியில் இரத்த வகை பார்க்க வந்திருந்தார்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை என் விரலில் வைத்ததும் பக்கத்தில் நின்ற தோழி, "ஐயோ, ஆஸ்பத்திரி வாசனை" என்று மூக்கைச் சுளித்தாள். எனக்கு அது நம் கூடத்தின் வாசனை.

உங்கள் நுரையீரல் இனித் தேறாது என்று தெரிந்த பிறகு, மருத்துவமனையில் தருவதை வீட்டிலேயே தரலாம் என்றார் டாக்டர். அவர் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டீர்கள். மேற்கு மாம்பலத்தின் குறுகிய மாடிப்படியில் கட்டிலும் ஆக்சிஜன் இயந்திரமும் ஏறி வந்தன. காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் மருந்துப் பாட்டில் தொங்கியது. காலையும் மாலையும் சிஸ்டர் வந்து மருந்து ஏற்றினார். டாக்டர் போன் திரையில் வந்து பார்த்தார்.

"பார்த்துக்கறவங்க தெம்பா இருக்கணும். அவங்களால முடியலைன்னா திரும்ப இங்கதான்" என்று முதலிலேயே சொல்லியிருந்தார். பார்த்துக்கொள்கிறவர் என்றால் அம்மாதான்.

மருத்துவமனையில் பார்வையாளருக்கு நேரம் உண்டு, வாசலில் காவலாளி உண்டு. நம் வீட்டில் அழைப்பு மணி மட்டும்தான். தி.நகர் கடையில் உங்களோடு சேலை விரித்துக் காட்டியவர்கள், வடபழனி அத்தை, தெருக்காரர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். வந்தவர்களைக் காபி தராமல் அனுப்ப அம்மாவுக்குத் தெரியாது. ஒருவர் குடித்து முடிப்பதற்குள் அடுத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றுவார். டம்ளர் கழுவிக்கொண்டே நான் வேதியியல் சமன்பாடுகளை மனப்பாடம் செய்தேன்.

ஒரு மாலை அம்மா அடுப்பின் முன் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. சிஸ்டர்தான் ஓடிப்போய் கேஸை மூடினார்.

"இன்னாம்மா, சாருக்கு முன்னாடி நீ படுத்துக்குவ போல கீதே!"

அது உங்கள் காதில் விழுந்தது. அன்று டாக்டர் திரையில் வந்ததும் மாஸ்க்கை விலக்கி, "நான் அங்கேயே வந்துடறேன் சார்" என்றீர்கள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நாளைக்கு முடிவு பண்ணுவோம்" என்றார் டாக்டர்.

மறுநாள் காலை அத்தை வந்தாள். உட்கார்ந்ததும், "ஒரு வாய் காபி குடும்மா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

"அக்கா, இது ஆஸ்பத்திரி. இங்க காபி கிடையாது."

"என்னடா, தம்பி வீட்டுல காபி கேட்டா வார்டுங்கறே?"

"வார்டுதான். நான் அட்மிட் ஆகியிருக்கேன். நர்ஸம்மாகிட்ட யாராவது காபி கேப்பாங்களா?"

ஒவ்வொரு சொல்லுக்கும் உங்களுக்கு மூச்சு வாங்கியது. அத்தை முகம் சிவக்கப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். "வந்தவங்களை இப்படியா பேசறது?" என்று அம்மா அழுதாள்.

"பக்குவமா சொல்ல மூச்சு இல்ல" என்றீர்கள்.

அன்று சாயங்காலமே அத்தை திரும்பி வந்தாள், கையில் பெரிய பிளாஸ்க். உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "பேஷன்ட்டுக்கு இல்ல, டியூட்டி நர்ஸுக்கு" என்று சொல்லி அம்மாவை உட்காரவைத்து ஊற்றிக் கொடுத்தாள். மணி அடித்தபோது அவளே கதவைத் திறந்து, "பார்த்துட்டுக் கிளம்புங்க. இங்க காபி கிடையாது, நானே திட்டு வாங்கிட்டேன்" என்றாள். கட்டிலில் நீங்கள் சத்தமில்லாமல் சிரித்தீர்கள். டாக்டர் திரையில் வந்ததும் அம்மாவே முந்திக்கொண்டு சொன்னாள்: "இங்கேயே இருக்கட்டும் சார். என்னால முடியும்."

வீட்டிலேயே வைத்துப் பார்த்தது புண்ணியம் என்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது களைப்புதான். இயந்திரத்தின் இரைச்சலில் நாம் மூவரும் அரைத் தூக்கமே தூங்கினோம். ஆனால் அதன் பிறகு பகலில் உங்கள் பக்கத்தில் சும்மா உட்கார அம்மாவுக்கு நேரம் கிடைத்தது. நீங்கள் போன அந்த முற்பகலிலும் அவள் கை உங்கள் கைக்குள் இருந்தது. அடுப்பில் எதுவும் இல்லை.

போன வாரம் கீழ் வீட்டு மாமாவுக்கும் இப்படி வீட்டிலேயே வைத்தியம் தொடங்கியிருக்கிறது. பார்க்கப் போனோம். வந்திருந்த எல்லோரும் மாமாவின் கட்டிலைச் சுற்றி நின்று, எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி கதவோரம் நின்றிருந்தார்.

"நீங்க சாப்டீங்களா, மாமி?" என்று கேட்டேன்.

அவர் பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.